விளிம்பு மழுங்கிய கத்தி

எறிகத்திக்கு முனைதான் வேண்டும், விளிம்பு வேண்டாம். சித்தூரில் எனக்குச் சொல்லித்தரும் மாஸ்டர், புதுக்கத்தி வந்ததும் இரண்டு விளிம்பையும் அரத்தால் மழுக்கிவிடுவார். மரத்தில் நுழைவது முனை; கூரான விளிம்பு பிடிக்கிற விரலைத்தான் அறுக்கும்.

சமையலறைக் கத்தி அவருக்கு ஆகாது. மெல்லிய அலகு, ஆணி வைத்த பிடி. மோதி மோதிப் பிடி கழன்றுவிடும். எங்களுடையவை லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்தவை. பிடியும் அலகும் ஒரே இரும்பு, ஓரடி நீளம், கால் கிலோவுக்குச் சற்று மேல். தோய்ச்சல் அதிகமானால் முனை ஒடிந்து தெறிக்கும். கொஞ்சம் இளக்கமாக இருந்தால் வளையும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அலகு 9 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பதில் கறார். அதைத் தாண்டினால், வீடு, விவசாயம், தொழிலுக்கானவை தவிர, 2016 ஆயுத விதிகளில் அது ஆயுதக் கணக்கு. திருப்பதி பஸ் ஏறும் நாளில் கத்திப் பை வீட்டோடு சரி. மலையடிவாரத்து அலிபிரி சோதனையில் விளையாட்டுச் சாமான் என்று யாரிடம் விளக்குவது?

இலக்குக்குப் பஞ்சமில்லை, மாந்தோப்பு ஊர். குறுக்கே அறுத்த மாமரத் துண்டை, வளையங்கள் தெரியும் முகம் நம்மைப் பார்க்க நிறுத்துவோம். அப்போதுதான் நாரின் போக்கில் முனை இறங்கும். காய்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். செம்மரத்தில் எறியலாமா என்று ஒரு பையன் கேட்டான். "முதல்ல போலீஸ் வரும், அப்புறம் கத்தி திரும்பி வரும்" என்றார். நீரில் மூழ்கும் மரம் அது.

சுத்தியலைப் பிடிப்பதுபோலப் பிடி, மணிக்கட்டை உதறாதே, கையை நீட்டி விடு. இவ்வளவுதான் எறிதல். மற்றதெல்லாம் கால். ஒரே மாதிரி விட்டால் கத்தி ஒரே மாதிரிதான் சுழலும். ஒரு முழுச் சுற்று முடியும் இடத்தில் மரம் இருக்க வேண்டும். முனை மேலே பார்த்து மோதினால் சுற்று முடியவில்லை, அரையடி பின்னே போ. முனை கீழே பார்த்தால் சுற்று மிஞ்சிவிட்டது, முன்னே வா. கையால் திருத்தப் பார்த்தால் மாஸ்டருக்குக் கோபம் வரும். "கை செஞ்சதையே செய்யட்டும்டா, நீ நகரு!"

கத்தி எகிறித் திரும்பும், ஆகவே ஷூ கட்டாயம். எறிபவருக்குப் பின்னால்தான் மற்றவர்கள். கடைசிக் கத்தி போனபிறகே எல்லாரும் சேர்ந்து எடுக்கப் போவோம்.

ஓய்வு நேரத்தில் வளரி என்ற வளைந்த எறிகோல் பற்றிச் சொல்வார். சிவகங்கையில் சின்ன மருதுவிடம் அதை எறியக் கற்றவர் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1801 போரில் அதே மருதுவுக்கு எதிர்ப்படையில் இருந்தவர். 1830இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் குருவை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்தக் கதைக்கு மாஸ்டரிடம் முடிவு கிடையாது. "சரி, அலகைப் பிடி, அரைச் சுற்று போடலாம்" என்று எழுந்துவிடுவார்.