பார்க்காத நடிகர்

ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வங்கியில் கணக்கெழுதுகிறவன் நான். சென்ற வருஷம் ஒரு கட்டுரையில், உடம்பால் நடித்த முதல் தமிழன் ராஜா சாண்டோ என்று எழுதியிருந்தேன். பென்ஷன் வாங்க வந்த பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கவுண்டரில் கேட்டார்:

"தம்பி, நீங்க அவர் படம் பார்த்திருக்கீங்களா?"

"இல்லீங்கய்யா."

"நானும் பார்த்ததில்லே. எங்கப்பா பார்த்திருக்கார். திரைக்குப் பக்கத்திலே ஒருத்தர் நின்னு கதை சொல்வாராம். சண்டை வந்தா ஜனங்க போடற கூச்சல்லே அவர் சொல்றது காதிலேயே விழாதாம்."

எனக்குத் தெரிந்தவை தகவல்கள்தாம். புதுக்கோட்டைக்காரரான பி. கே. நாகலிங்கம், தேகப்பயிற்சியில் தேர்ந்து, யூஜின் சாண்டோ என்ற பயில்வானின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவர். பம்பாயில் 'டைப்பிஸ்ட் கேர்ள்' (1926), 'குணசுந்தரி' (1927) போன்ற மௌனப் படங்களில் சுலோசனா, கோஹர் ஆகியோருடன் நடித்தார். சென்னைக்கு வந்து, வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவலை 'அனாதைப் பெண்' என்று படமாக்கினார். பேசும்படம் வந்த பிறகு 'மேனகா' (1935), 'திருநீலகண்டர்' (1939) என்று டைரக்டராகவே அதிகம் அறியப்பட்டார். 1943இல் காலமானார். அவர் பெயரில் தமிழக அரசின் விருது உண்டு. தமிழ்நாட்டில் அவர் எடுத்த மௌனப் படங்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை. தென்னிந்திய மௌனப் படம் எப்படி இருந்தது என்று பார்க்க, பூனா ஆவணக்காப்பகத்தில் பாதுகாக்கப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா'வை (1933) நாடவேண்டியிருக்கிறது. அதில் அவர் இல்லை.

பின் என் தீர்ப்பு எங்கிருந்து வந்தது? வசனத்தாலேயே நிமிர்ந்து நிற்கும் நம் சினிமாவின்மேல் எனக்குள்ள எரிச்சலிலிருந்து என்றுதான் இப்போது படுகிறது. பேசாத ஒரு மூதாதை எனக்குத் தேவைப்பட்டார். எதிர்த்துச் சொல்ல ஒரு பிரேமும் மிஞ்சாதவராக இருந்தது இன்னும் வசதி. விமர்சனம் என்று நான் செய்தது, இறந்தவரின் உடம்பில் என் கட்சியை ஏற்றியதுதான். வங்கியில் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய்க்குக்கூடப் பற்று எழுதமாட்டேன்.

அந்த வாக்கியத்தை இங்கே வாபஸ் வாங்குகிறேன். அவர் மோசமான நடிகராக இருந்திருக்கலாம் என்பதல்ல காரணம். அபாரமான நடிகராகவும் இருந்திருக்கலாம். பெரியவரின் தகப்பனார் கேட்ட கூச்சல், என் கட்டுரையைவிட அந்த நடிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதுவும் இரண்டு வாய் மாறி வந்ததுதான். ஆனால் தான் பார்க்கவில்லை என்பதைப் பெரியவர் சொல்லிவிட்டார்.