வாரண்ட் எங்கே இருக்கிறது?

மோகனூர் வட்டாரத்துக் காலனிகளில் வேலை செய்யும் எங்களிடம் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அடுத்தபடியாக வரும் கேள்வி ஒன்று உண்டு. “கண்ணு, எம்பையன் மேல வாரண்டு இருக்குதாமா. நெசமா பொய்யான்னு பாத்துச் சொல்லு.” யார் சொன்னது என்று கேட்டால், ஸ்டேஷனில் சொன்னார்கள், இல்லையென்றால் தோட்டத்துக்காரர் சொன்னார். அந்தக் காகிதத்தை வீட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்க்காத காகிதத்துக்குத்தான் பயம் அதிகம். அந்தப் பயத்தில் பையன் ஊருக்கு வருவதில்லை. அம்மா கூலி உயர்வு கேட்பதில்லை. வன்கொடுமைப் புகார் எழுதக் கையில் எடுத்த பேனா அப்படியே நின்றுவிடுகிறது. ஆகவே தோழர்களே, வாரண்ட் எங்கே இருக்கிறது என்று தேடக் கற்றுக்கொள்வதும் களப்பணிதான்.

முதலில், இது எப்படி வருகிறது? நம் பக்கத்து இளைஞர்களுக்கு உள்ளூரில் வேலை குறைவு. திருச்செங்கோட்டு போர் வண்டிகளில் ஏறி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் போய்விடுகிறார்கள். லாரியில் போகிறவர்கள் உண்டு, கரும்பு வெட்டப் போகிறவர்கள் உண்டு. எப்போதோ திருவிழாவில் நடந்த தகராறு, ஒரு சாலை மறியல், ஒரு மாட்டுவண்டி மணல் என்று பெயரில் ஒரு வழக்கு இருக்கும். சம்மன் பழைய வீட்டுக்கு வரும், ஆள் இருக்க மாட்டார். வாய்தா தவறும். நீதிமன்றம் பிடியாணை பிறப்பிக்கும். பிணையில் விடக்கூடியது ஒரு வகை, பிணையில் விட முடியாதது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் எல்லோரும் என்.பி.டபிள்யூ. என்கிறார்கள். இதற்குக் காலாவதி கிடையாது. நிறைவேற்றப்படும் வரை, அல்லது பிறப்பித்த நீதிமன்றமே ரத்து செய்யும் வரை உயிரோடு இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70ஆம் பிரிவு சொன்னதும் இதுதான், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 72ஆம் பிரிவு சொல்வதும் இதுதான்.

எங்களிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். அருந்ததியர் தெருவைச் சேர்ந்த இளைஞர். பைக்கில் போனதற்காகச் சாதிப் பெயர் சொல்லி அடித்தார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில், “உம்மேலயே வாரண்டு இருக்குது. கேசு குடுத்தா நீதான் மொதல்ல உள்ள போவ” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளே சமாதானம் பேச ஆள் வந்தது.

நாங்கள் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கினோம். புகார்தாரர் மேல் வாரண்ட் இருப்பது புகாரை மறுக்கக் காரணம் ஆகாது. எனவே அதே நாளில் புகாரை எழுதி, பி.என்.எஸ்.எஸ். 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ரசீதைப் பத்திரப்படுத்தினோம். இன்னொரு பக்கம் தேடலைத் தொடங்கினோம்.

எஃப்.ஐ.ஆர். நகல் இல்லை, குற்ற எண்ணும் தெரியவில்லை. அம்மாவுக்கு நினைவில் இருந்தது, மாரியம்மன் நோம்பி நடந்த வருசமும் கூட யார் யாரைப் பிடித்துப் போனார்கள் என்பதும்தான். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடலாம். ஆனால் நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஸ்டேஷனில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆதாரில் இன்னொன்று. தங்கராசுவா, தங்கராஜுவா? நடுவில் எச் உண்டா, இல்லையா? ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் போட்டுப் பார்த்தோம். கடைசியில் வழக்கு கிடைத்தது அவர் பெயரில் அல்ல, முதல் எதிரியின் பெயரில். மற்ற நால்வரும் ‘மற்றும் சிலர்’ என்பதற்குள் இருந்தார்கள்.

வழக்கு கிடைத்ததும் அதன் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டோம். அந்த எண் இருந்தால் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். வாரண்ட் உண்மைதான். ஆள் போர் வண்டியில் இருந்த மாதங்களில் பிறப்பிக்கப்பட்டிருந்தது.

அடுத்து வழக்கறிஞர். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்கறிஞரோடு இளைஞர் தானாகவே நீதிமன்றத்தில் ஆஜரானார், வாரண்டைத் திரும்பப் பெற மனு போடப்பட்டது, வேலை செய்த இடத்துச் சான்று காட்டப்பட்டது. நடுவர் வாரண்டை ரத்து செய்தார். எல்லாம் முடிய ஒன்பது நாள். அதன் பிறகுதான் வன்கொடுமை வழக்கு பதிவானது. இத்தனைக்கும் இந்தச் சட்டத்தின் 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். பதியப் பூர்வாங்க விசாரணையே தேவையில்லை என்கிறது. அந்த ஒன்பது நாள் தாமதத்தை எதிர்த்தரப்பு நாளை நீதிமன்றத்தில் கேள்வியாக்கும். எங்களிடம் பதில் அந்தத் தபால் ரசீதுதான்.

ரத்தானதோடு வேலை முடிந்துவிடவில்லை. ரத்தான வாரண்ட் ஸ்டேஷன் கோப்பில் அப்படியே கிடந்தால் மறுபடியும் பிடிப்பார்கள். மகாராஷ்டிரத்தில் ரகுவன்ஷ் தேவான்சந்த் பாசின் என்ற வழக்கறிஞருக்கே இது நடந்தது. ரத்து செய்யப்பட்ட வாரண்டை வைத்து 2002 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திர தினத்தில், அவரைக் கைது செய்தார்கள். அந்த வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தந்த வழிமுறைகளை நாம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நீதிமன்றமும் வாரண்டுகளுக்குப் பதிவேடு வைக்க வேண்டும், வரிசை எண் வாரண்டின் மேலேயே இருக்க வேண்டும். காவல் நிலையத்திலும் அதே போன்ற பதிவேடு இருக்க வேண்டும். ரத்தானால் இரண்டிலும் பதிய வேண்டும், ரத்து உத்தரவின் நகலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தர வேண்டும். அந்த நகலை நாங்கள் கேட்டு வாங்கினோம். இளைஞர் அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

எல்லாமே இணையத்தில் கிடைத்துவிடாது. நன்னடத்தைப் பிணை கேட்கும் வழக்குகள் வருவாய்த் துறை நிர்வாக நடுவரிடம் போகும், அதற்குக் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கேட்க வேண்டும். காவிரிப் பாலம் தாண்டி வாங்கல் போனால் கரூர் மாவட்டம், நீதிமன்றமும் வேறு. 1997க்கு முன்பு நாமக்கல்லே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில், எந்த ஆண்டில் என்பதுதான் முதல் கேள்வி. காவல் துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். வாரண்ட் கையில் வைத்திருப்பவர் கைதின்போது அதன் சாரத்தைச் சொல்ல வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். அப்போது தகப்பனார் பெயரையும் பாருங்கள். ஒரே தெருவில் மூன்று முருகன் இருக்கும் ஊர் நம்முடையது.

“ஆள் கிடைக்கவில்லை” என்ற பேச்சும் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2015 ஜூனில் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகள் வெளியிட்டுக்கொண்டிருந்தார். நூறு நாளுக்கு மேல் கழித்து, அக்டோபர் 11 அன்று, நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்தில் தானே வந்து சரணடைந்தார். 2022இல் ஆயுள் தண்டனை பெற்றார். ஒரு வாய்தா தவறிய போர் வண்டிக் கூலியின் வீட்டுக் கதவை நடுராத்திரியில் தட்டத் தெரிந்த ஏற்பாடு, யாருக்காக நூறு நாள் காத்திருக்கிறது என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு இரண்டு வார்த்தை. வாரண்ட் இருக்கிறதா என்று கேட்க, சம்பந்தப்பட்டவரை ஸ்டேஷனுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். முதலில் வழக்கு எண், பிறகு வழக்கறிஞர், பிறகு நீதிமன்றம். தேடிக் கிடைத்ததை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். அது அந்தக் குடும்பத்தின் விஷயம், வேலைக்கும் கல்யாணத்துக்கும் குறுக்கே நிற்கும்.

உங்கள் தெருவில் ஒரு நோட்டுப் போடுங்கள். யார் மேல் எந்த ஸ்டேஷனில் எந்த ஆண்டு வழக்கு, அடுத்த வாய்தா எப்போது என்று எழுதி, நம்பகமான ஒருவரிடம் வையுங்கள். போர் வண்டி ஏறுகிறவர் வாய்தா தேதியைச் சொல்லிவிட்டுப் போகட்டும், அன்றைக்கு வழக்கறிஞர் மனு போட்டுக்கொள்ளட்டும். நம் பெயர்களை எழுதிய பதிவேடுகள் இத்தனை காலமும் அவர்களிடம் மட்டுமே இருந்தன. நம்மிடமும் ஒன்று இருக்கட்டும்.

ஜெய் பீம்.