பரவாயில்லைக்கு எத்தனை நட்சத்திரம்?

வெள்ளவத்தையில், காலி வீதி ஓரத்துச் சைவக் கடை வாசலில் ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர் குடையோடு நின்று ஃபோனைத் தடவுகிறார். தோசை வாசம் பஸ் தரிப்பிடம் வரை வருகிறது. அவருக்கு அது போதாது. கூகுள் மப்பில் அந்தக் கடைக்கு யாரோ ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார். காரணம், கார் நிறுத்த இடமில்லையாம். காலி வீதியில் அதற்குத் தோசை என்ன செய்யும்?

அவர் பிறந்தது கொட்டாஞ்சேனையில். தையற்காரரோ பல் வைத்தியரோ, யாரிடம் போவதென்றாலும் அம்மா பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்பார். ஆச்சியின் பதில் எப்போதும் ஒரே சொல்தான்: "பரவாயில்லை." சொல்லை விட்டுவிட்டு, சொன்ன விதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெற்றிலையை மென்றபடி பட்டென்று சொன்னால் தாராளமாகப் போகலாம். "பரவா...யில்லை" என்று இழுத்தால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது. "ம்ம்" என்று தொடங்கி, கண்ணை வாசற்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னால், அந்த ஆள் ஆச்சிக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம்.

ஒருமுறை அம்மா அந்த "ம்ம்"மைக் கவனிக்கவில்லை. மகனின் பள்ளிக்கூடக் காற்சட்டையைத் தைக்கக் கொடுத்துவிட்டார். வந்ததைப் போட்டுப் பார்த்தால் ஒரு கால் நீளம், மற்றக் கால் கட்டை. அந்த வருடம் முழுக்கப் பையன் வரிசையில் கொஞ்சம் சாய்ந்தே நின்றான். அம்மா கேட்கப் போனபோது ஆச்சி அசரவில்லை: "நான் என்ன, நல்லம் எண்டே சொன்னனான்?"

ஐந்து நட்சத்திரத்துக்குள் அந்த இழுவை அடங்காது. சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போடும் வழக்கத்தைப் பெயர்பெறச் செய்ததே பிரான்சின் டயர் கம்பனியான மிஷெலின்தான். 1900இல் கார்க்காரருக்கு இலவசக் கைநூல் கொடுத்தார்கள். 1926இல் நட்சத்திரம் வந்தது. சனம் தூரம் ஓடினால்தானே டயர் தேயும்! ஆனாலும் சாப்பிட்டுப் பார்க்க ஆள் வைத்திருந்தார்கள். 2017இல் லண்டன் எழுத்தாளர் ஊபா பட்லர் தன் வீட்டுக் கொட்டிலை உணவகம் என்று ட்ரிப்அட்வைசரில் பதிந்து, பொய் விமர்சனங்களாலேயே அந்த நகரின் முதலிடத்துக்கு ஏற்றினார். அதுவரை அங்கே ஒருவரும் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை.

கோயில்களும் தப்பவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரத்துக்கும் மப்பில் நட்சத்திரம் உண்டு. சிவனுக்கு நாலு கொடுத்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளத் தனித் துணிச்சல் வேண்டும்.

மழை இறுகியதும் கிளாக்கர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தோசை மொறுமொறுப்பு, சம்பலில் புளி ஒரு சொட்டுக் கூட.

எழுதுகிறவர்களே, நட்சத்திரம் எத்தனையும் போடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். கடைக்காரர் உங்களுக்குச் சொந்தமென்றால் அதையும்.