வலது தடத்துக்காரர்கள்

கொல்கத்தா நெடுஞ்சாலையில் காலை வேளையில் வலது தடத்தில் 40-இல் போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் வெறிச்சென்று கிடக்கும், ஆனாலும் ஒதுங்கமாட்டார். ஹாரன் அடித்தால் கண்ணாடியில் நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு 35-க்கு இறங்குவார். செங்குன்றத்திலிருந்து பழவேற்காட்டுக்கு வேலைக்குப் போகிற எனக்கு, தச்சூர் கூட்டு ரோட்டில் திரும்புவதற்குள் இப்படி இரண்டு மூன்று மகானுபாவர்களாவது வாய்த்துவிடுவார்கள்.

பொன்னேரி தாண்டினால் வைக்கோல் டிராக்டர். பாரம் ரோட்டையே அடைத்துக்கொண்டு, புளியமரக் கிளைகளில் உரசி உரசி, பின்னால் வருகிறவன் தலையில் வைக்கோலைத் தூவிக்கொண்டே போகும். ஓட்டுகிற பையன் பாட்டுப் போட்டிருப்பான், ஊருக்கே கேட்கிற மாதிரி. திருப்பாலைவனம் போய்ச் சேர்வதற்குள் ஒரு படத்தின் பாட்டு முழுக்கக் கேட்டுவிடலாம். அவன்மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. வண்டி அவ்வளவுதான் போகும், ஒதுங்கவும் இடமில்லை. ஒதுங்க இடமிருந்தும் ஒதுங்காதவரிடம்தான் என் வழக்கு.

மெதுவாகப் போவதைக் குறை சொல்ல பழவேற்காட்டில் யாருக்கும் வாய் வராது. ஊருக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். படகுகள் கரையில் கிடக்க, வடக்கே பார்த்தபடி நிற்பார்கள் ஜனங்கள். 2023 ஜூலை 14 மதியம் 2:35-க்குச் சந்திரயான்-3 அங்கிருந்துதான் கிளம்பியது. கிளம்பின வேகத்தைப் பார்த்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நிலாவில் இருக்கும் போலத்தான். இறங்கியது ஆகஸ்ட் 23. நாற்பது நாள்! 1969-இல் அப்பல்லோ 11 நாலே நாளில் போய் இறங்கியது. அதைக் கொண்டுபோன சாட்டர்ன் ராக்கெட்டின் பலம் நம்மிடம் இல்லை. ஆகவே பூமியையே சுற்றிச் சுற்றி வந்து, கிட்டே வரும்போது எஞ்சினைக் கொஞ்சம் இயக்கி, சுற்றைப் பெரிதாக்கிக்கொண்டே போய், கடைசியில் நிலாப் பக்கம் தாவியது. எரிபொருள் மிச்சம். நடுவில் ஆகஸ்ட் 11 அன்று ரஷ்யாவின் லூனா-25 கிளம்பியது. நமக்கு முன்னால் அது இறங்கிவிடும் என்றார்கள். 19-ஆம் தேதி நிலாவில் மோதி நொறுங்கியது. பொன்னேரி ரோட்டில் வளைவில் ஏறித் தாண்டுகிறவர்கள் யோசிக்கவேண்டிய கதை.

ஆனால் ஒன்று. சந்திரயான் யார் வழியையும் மறிக்கவில்லை. தாண்டுகிறவனுக்கு வானத்தில் தாராளமாக இடமிருந்தது.

பழவேற்காடு ஏரியில் அந்தத் தாராளம் இல்லை. இறால் வாகாக விழுகிற இடங்கள் கொஞ்சம்; வலைகள் அதிகம். அதற்குத்தான் பாடு என்கிற ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் மூன்று ஊரும் முறை வைத்துக்கொண்டு சுத்துவலை போடுகிறார்கள். உங்கள் முறை வந்தால் நல்ல இடம் உங்களுக்கு. முறை முடிந்தால் எடுத்துக்கொண்டு நகரவேண்டும். இன்றைக்குச் சரியாக விழவில்லை, இன்னும் கொஞ்சம் இருக்கிறேன் என்கிற பேச்சு எடுபடாது. பாடு இல்லாத ஊர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு, அதுவும் நியாயம்தான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது, அதைக் கேட்க ஆள் இருக்கிறது.

கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் டீக்கடையில் என் வழக்கைச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்த எடம் அவரு பாடா சார்?"

"இல்லைங்க ஐயா. எல்லாருக்கும் பொது."

"முறை வெக்கிறது யாரு?"

"அப்படி யாரும் இல்லைங்க."

"அப்ப உக்காந்தவன் ஏன் எந்திரிப்பான்?"

அதோடு தீர்ப்பு முடிந்தது. அவர் இறால் விலைக்குப் போய்விட்டார்.

மெதுவாகச் செல்லும் வண்டிகள் இடப்புறமாகப் போகவேண்டும் என்று நெடுஞ்சாலையில் போர்டு இருக்கிறதுதான். போர்டுக்குக் குரல் கிடையாது. என் யோசனை இது: செங்குன்றத்திலிருந்து தச்சூர் வரை வலது தடத்தைக் கோட்டைக்குப்பத்துப் பெரியவர்கள் கையில் ஒரு மாசம் கொடுத்துப் பார்க்கலாம். முறை முடிந்தும் நகராதவருக்கு அபராதம். வசூல் பண்ண ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், சம்பளம்கூட வேண்டாம்.