இழுக்கும்போதா, விடும்போதா?

உடப்புக்குக் கரைவலை பார்க்கத்தான் போனேன். சிலாபம்–புத்தளம் வீதியில் பத்துளுஓயாவில் நின்றபோது மீன் லொறி ஒன்று ஏற்றிக்கொண்டது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. சாரதி அண்ணனின் இடக்கை கியர் தடியை விட்டு நகரவே இல்லை என்பது கண்ணில் பட்டது.

“மூணுல போட்டுக் கையை எடுத்தா கழண்டுரும் தம்பி” என்றார். குறுக்கே வந்த மாட்டுக்காக வேகம் குறைத்து, கையையும் எடுத்துக் காட்டினார். டக். தடி நடுவுக்குத் துள்ளியது. போன மாதம்தான் வேறோர் இடத்தில் கியர் பொக்ஸுக்குப் புது ஸ்பிரிங் போட்டார்களாம். பத்து நாள் நின்றதாம்.

லொறி நேரே வாகனம் திருத்தும் பாஸிடம் போனது. ‘பாஸ்’ ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். ஊருக்குக் கிழக்கே கிடக்கும் வாய்க்காலுக்கும் அவர்கள் பெயர்தான்.

ஓலைக் கொட்டகை, எண்ணெய் குடித்துக் கறுத்த மணல். பாஸ் கருவி எதையும் எடுக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்சீற்றில் ஏறினார். நடுவில் நான், முழங்காலில் கியர் தடி இடிக்க. “இழுக்கும்போது கழருதா, விடும்போது கழருதா?” இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அண்ணனுக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை நாள் தடியைப் பிடித்தே ஓட்டியவருக்கு எப்படித் தெரியும்?

பாஸ் தன் உள்ளங்கையைத் தடியின் மேல் வைத்தார். பிடிக்கவில்லை, சூடு பார்ப்பதுபோல வைத்தார், அவ்வளவுதான். மூன்றில் மிதித்து ஏறியபோது ஒன்றும் இல்லை. அக்சிலேட்டரை விட்டதும் கழன்றது. நாலில் விட்டுப் பார்த்தார்கள், நின்றது. இரண்டாம் கியரும் நின்றது. மிதித்து விடும்போதெல்லாம் தடி முன்னும் பின்னும் ஆடியிருந்தால் பொக்ஸைத் தாங்கும் ரப்பரைச் சந்தேகித்திருப்பாராம். மூன்றையும் நாலையும் பூட்டும் ஸ்லீவ் ஒன்றுதான், அதைத் தள்ளும் போர்க்கும் ஒன்றுதான். நாலும் கழன்றிருந்தால் கை முதலில் அங்கே போயிருக்கும். மூன்று மட்டும், அதுவும் விடும்போது மட்டும் என்றால் வியாதி மூன்றாம் கியரின் பல்லில். ஒரு நட்டுக்கூடக் கழற்றாமல் பாதி வேலை முடிந்துவிட்டது.

பிறகு எண்ணெயை இறக்கினார். எனாமல் தட்டில் விழுந்ததை இரு விரலில் தேய்த்து வெயிலில் பிடித்தார். மஞ்சள் மினுக்கம் கொஞ்சம்: அது கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. வெள்ளி நிறச் சேறு அதைவிட அதிகம்: அது உருக்கு. 1928இல் கடிலாக் காரில் சிங்க்ரோ வருவதற்கு முன்பு சாரதிகள் இஞ்சின் சத்தத்தைக் காதால் அளந்துதான் பல்லோடு பல் சேர்த்தார்கள். பாஸுக்கு அந்தக் காது இன்னும் இருக்கிறது என்று தோன்றியது.

பொக்ஸைத் திறந்த பிறகு மூன்றாம் கியரை என் கையில் தந்தார். அதன் ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள். நகத்தால் தடவச் சொன்னார். ஒரு பக்கம் நகம் மாட்டியது, மறுபக்கம் வழுக்கியது. இந்தப் பற்களை அடியில் சற்றே ஒடுக்கி வெட்டியிருப்பார்கள். பாரம் ஏற ஏற ஸ்லீவை உள்ளுக்கு இழுத்துப் பிடிப்பது அந்தச் சாய்வுதான். சாய்வு தேய்ந்து உருண்டுவிட்டால் அதே பாரம் ஸ்லீவை வெளியே தள்ளும். “தூண்டில்ல நாக்குத் தேஞ்சா மீன் நிக்குமா?” என்றார். ஸ்பிரிங்கும் குண்டும் தடியைச் சும்மா இருக்கும்போது பிடித்துவைக்க மட்டும்தான். அதை மாற்றிக் காசு வாங்கியவர்கள் பொக்ஸைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். பாஸ் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

போர்க்கைத் துடைத்து நீட்டினார். அதன் ஒரு முனை பிளேடாய் மெலிந்திருந்தது. தடிமேல் கை கிடந்தால் போர்க் சுழலும் ஸ்லீவை உரசிக்கொண்டே இருக்கும். போர்க் தேய்ந்தால் ஸ்லீவ் முழுத் தூரம் போகாது. பல் நுனியில் மட்டும் கடித்து, நுனி உருண்டு, பிறகு கழலும். கழலுகிறதே என்று இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள்.

“அப்ப என் கைதானா?” என்றார் அண்ணன். பாஸ் சிரித்தார்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் பரவலாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இப்படிப்பட்ட பழைய லொறிகளை ஓடவைத்தது கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய சாமான் கடைகளும் இந்த மாதிரிக் கொட்டகைகளும்தான். கியர், போர்க், ரிங் மூன்றுக்கும் பாஸ் துண்டெழுதினார். அண்ணன் சம்மாட்டிக்குப் போன் போட்டு, நாளைக்கு மீன் ஏற்ற வேறு லொறி பார்க்கச் சொன்னார்.

அந்தியில் கடற்கரைக்குப் போனேன். கரைவலைக் கயிற்றை உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் சுற்றிக்கொண்டிருந்தது. கையால் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு எதுவும் காதில் விழவில்லை. ஓட்டியின் கை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன்.