பதினொண்ணு வந்துச்சு, பத்துதான் போச்சு

காட்டோரத்தில் கரும்பு போட்டிருக்கும் ஒரு விவசாயியிடம் போய், "வாங்க, காசு கட்டி யானை பார்த்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் என்ன பதில் வரும்? தாளவாடி மலையில் இருக்கும் ஒருவரை அவருடைய மகளே அப்படிக் கூப்பிட்டாள்.

"வூட்டுக்கு வர்றது போதாதா கண்ணு? அதப் பாக்க வேற பணம் கட்டோணுமா?" என்றார் அவர்.

மகளுக்கு பெங்களூரில் வேலை. பெற்றோரின் முப்பதாவது கல்யாண நாளுக்குக் கபினி ஆற்றங்கரையில் ஒரு காட்டு விடுதியில் இரண்டு ராத்திரிக்கு அறை போட்டுவிட்டாள். ஒரு ராத்திரி வாடகையை அவர் விசாரிக்காமல் இல்லை. அந்தப் பணத்தில் ஓர் ஏக்கரை உழுது, விதை வாங்கி, ஒரு களையும் எடுத்துவிடலாம். பணம் திரும்பி வராது என்று தெரிந்த பிறகுதான் கிளம்பச் சம்மதித்தார்.

மகளின் கணக்கு வேறு. இரண்டு ராத்திரியாவது அம்மாவும் அப்பாவும் தூங்கட்டும் என்று நினைத்தாள். கூடவே இன்னொன்றும் இருந்தது. காட்டை ஒட்டிய அவர்கள் நிலத்தை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே ரிசார்ட் கட்டப்போகிறாராம். விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்பது மகளின் கட்சி. அப்பா முடியாது என்பார். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். மூன்று வருடமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

தாளவாடி ஈரோடு மாவட்டத்தில் இருந்தாலும், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் பாதிப் பேச்சு கன்னடம்தான். சுற்றிலும் சத்தியமங்கலம் காடு. 2013-ல் அது புலிகள் காப்பகம் ஆனது. மழைக்காலம் வந்தால் மக்காச்சோளத்துக்கும் ராகிக்கும், கோடையில் கரும்புக்கும் வாழைக்கும், பலா பழுத்தால் பலாவுக்கும் யானை வரும். அகழி வெட்டினால் ஓரத்து மண்ணைச் சரித்து இறங்கி ஏறும். சோலார் வேலி போட்டால் ஒரு மரத்தைத் தள்ளிக் கம்பியை அறுத்துவிட்டு வரும். அதனால் ஆண்கள் பரணில் ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள். கையில் டார்ச்சும் பட்டாசும் இருக்கும். பெண்கள் வீட்டில் படுத்திருப்பார்கள். தூங்குவார்கள் என்று சொல்ல முடியாது.

இப்படி வருவது பெரும்பாலும் ஆண் யானைதான். ராமன் சுகுமார் என்ற விஞ்ஞானி 1980களின் தொடக்கத்தில் இதே சத்தியமங்கலம், சாம்ராஜ்நகர் காடுகளில் யானைகளின் பின்னால் அலைந்து ஆய்வு செய்தவர். குட்டிகளை வைத்திருக்கும் பெண் யானைக் கூட்டத்தைவிட, வளர்ந்த கொம்பன்கள்தான் அடிக்கடி வயலுக்குள் துணிந்து இறங்குகின்றன என்று அவர் எழுதினார். காட்டுப் புல்லைவிட ராகியிலும் சோளத்திலும் சத்து அதிகம். உடம்பு பெருக்கவேண்டிய ஆணுக்கு அந்த ருசி பட்டுவிட்டால் விடாது. ஊர்க்காரர்கள் இதைச் சுருக்கமாகச் சொல்வார்கள்: "தனியா வர்றவன்தான் மோசம்."

காவலில் ஒரு பழக்கம் உண்டு. வெளியாட்களுக்கு அது தெரியாது. யானை வயலுக்குள் இறங்கும்போது எண்ணவேண்டும். வெளியேறும்போதும் எண்ணவேண்டும். ஆளுயரக் கரும்புக்குள் ஒரு யானை அசையாமல் நின்றுவிட்டால் பத்தடி தூரத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பு எப்படி மறைகிறது என்று கேட்டால், பார்த்தவர்கள் கையைத்தான் விரிப்பார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி மூன்று யானைகள் இறங்கின. விடிவதற்குள் மூன்றும் போய்விட்டன என்று எல்லோரும் நம்பினார்கள். சேதம் பார்க்க முதலில் உள்ளே போனது அவருடைய தம்பி. மூன்றாவது யானை போகவில்லை.

அன்றைக்கு எண்ணியது யார் என்று அந்த வீட்டில் இதுவரை யாரும் யாரையும் கேட்டதில்லை. ஆனால் அதன் பிறகு அவர் மனைவி எண்ண ஆரம்பித்தார். பட்டாசுச் சத்தம் கேட்டால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். டார்ச் வெளிச்சத்தில் நகரும் கறுப்பு முதுகுகளை எண்ணுவார். போகும்போது கணக்கு சரியாக வந்தால்தான் கீழே இறங்குவார். சரியாக வராத நாளில், வெயில் ஏறி வெகுநேரம் ஆகும்வரை வீட்டு ஆண்கள் யாரும் வயல் பக்கம் போகக்கூடாது. இதில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

இந்த இரண்டு பேர்தான் ஏப்ரல் கடைசியில் சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு, எச்.டி.கோட்டை வழியாகக் கபினிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

விடுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரவேற்பில் இளநீர், ஈரத்துண்டு, சந்தனப் பொட்டு. கட்டிலில் துண்டை மடித்து யானை பொம்மை செய்து வைத்திருந்தார்கள். அவர் அதைப் பார்த்த பார்வையில் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரிமாறும் பையனிடம் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்ததில், விடுதி நிற்கும் இடத்தில் முன்பு அவன் தாத்தா ராகி விதைத்தார் என்று தெரியவந்தது. "இப்போ ராகி இல்லை சார், மாசம் பிறந்தா சம்பளம்" என்றான் பையன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மனைவிதான், "ராத்திரி தூங்கறயா தம்பி?" என்று கேட்டார். பையனுக்குக் கேள்வி புரியவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள். பக்கத்துக் காகனகோட்டைக் காட்டில் மைசூர் மகாராஜாக்கள் நடத்திய 'கெட்டா' எனும் யானை பிடிப்பின் படங்கள் அவை. ஊரே திரண்டு தாரை தப்பட்டையோடு கூட்டத்தை விரட்டி, ஆற்றில் இறக்கி, மரக்கட்டை அரணுக்குள் அடைப்பார்கள். வைஸ்ராய்களும் இளவரசர்களும் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். கடைசி கெட்டா நடந்தது 1971-ல். 1974-ல் கபினி அணை வந்து, காட்டின் ஒரு பகுதியும் சில ஊர்களும் தண்ணீருக்குள் போயின. அந்த அணைதான் இன்று இந்த இடத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. கோடையில் நீர் வடிந்ததும் கரையெல்லாம் பசும்புல் முளைக்கும். மற்ற காடு காய்ந்து கிடக்கும் நேரத்தில், நாகரஹொளே, பந்திப்பூர், வயநாடு என்று சுற்றுக் காடுகளில் இருந்து யானைகள் கூட்டம் கூட்டமாக இங்கே இறங்கும். 2023 கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் மட்டும் 6,395 யானைகள். அதில் ஒரு நல்ல பங்கு இந்தப் பக்கத்தில்தான்.

முதல் நாள் மாலை ஜீப்பில் ஆறு பேர். பெங்களூரில் இருந்து வந்த இளம் ஜோடிக்குப் புலி வேண்டும், முடிந்தால் கருஞ்சிறுத்தையும் வேண்டும். இன்னொரு ஜோடியிடம் முழங்கை நீள லென்ஸ். வழியில் புள்ளிமான் கத்தினால் வண்டி நிற்கும். மரத்து மேலிருந்து மந்தி குரல் கொடுத்தால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். புலி வரவில்லை. ஓட்டுநரும் வழிகாட்டியும் புலிக்காக இரண்டு மணி நேரம் சுற்றியதில் நம் ஆளுக்கு இடுப்பு வலிதான் மிச்சம்.

பிறகு ஜீப் ஒரு வளைவில் திரும்பியது. மரங்கள் விலகின. எதிரே தண்ணீர், அதன் கரையில் புல்வெளி. அங்கே யானைகள்.

ஒன்றைச் சொல்லவேண்டும். முப்பது வருடமாக யானையோடு வாழ்ந்தாலும் அந்த இரண்டு பேரும் பகல் வெளிச்சத்தில் நிதானமாக யானையைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு யானை என்றால் ராத்திரி, முறியும் கரும்பின் சத்தம், டார்ச்சில் மின்னும் கண், நாய் குரைப்பு. இங்கே கிழட்டுப் பெண் யானை ஒன்று முன்னங்காலால் புல்லை உதைத்துப் பெயர்த்து, துதிக்கையில் சுருட்டி, காலில் தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் போட்டுக்கொண்டது. சத்தமே இல்லை. குட்டி ஒன்று துதிக்கையை என்ன செய்வது என்று தெரியாமல் அதையே மிதித்துத் தடுமாறியது.

"நம்ம வாழைய மட்டும் உதறித் திங்க மாட்டேங்குது பாருங்க" என்றார் மனைவி.

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் பார்வையை எடுக்கவும் இல்லை. லென்ஸ் வைத்திருந்தவர் பத்து நிமிடத்தில் படம் எடுத்து முடித்துவிட்டார். யானைதானே என்று பெங்களூர் ஜோடி போனைப் பார்க்க ஆரம்பித்தது. மனைவி மட்டும் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று.

பொழுது சாயும் நேரத்தில் கூட்டம் காட்டுக்குத் திரும்பக் கிளம்பியது. ஜீப் நிற்கும் மண் பாதையைக் கடந்துதான் போகவேண்டும். வழிகாட்டி இன்ஜினை நிறுத்தச் சொன்னார். கிழவி முன்னால், குட்டிகள் நடுவில், வரிசையாகக் கடந்தன. கடைசி யானையும் மூங்கிலுக்குள் மறைந்தது. காட்டு கேட் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் சாவியைத் திருப்பினார்.

"நில்லிசி!" என்றார் அந்த அம்மா. கத்தவில்லை, ஆனால் ஓட்டுநரின் கை நின்றுவிட்டது. "இன்னொந்து இதே." இன்னொன்று இருக்கிறது.

வழிகாட்டி பொறுமையாக, எல்லாம் போய்விட்டது அம்மா, நானும் பார்த்தேன் என்றார். "பதினொண்ணு வந்துச்சு. பத்துதான் போச்சு" என்றார் இவர். கணவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவியின் கணக்கைச் சந்தேகப்பட்டதில்லை.

ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஜீப்புக்கு முன்னால் பதினைந்து அடியில், பாதையோர உண்ணிச்செடிப் புதர் அசைந்தது. அதற்குள் இருந்து கொம்பன் ஒன்று வெளியே வந்து நடுப்பாதையில் நின்றது. வண்டி நகர்ந்திருந்தால் நேராக அதன் மேல்தான் போயிருக்கும்.

காதை விரித்துத் தலையைத் தூக்கியது. தூசி பறக்க நாலு அடி முன்னால் வந்தது. பெங்களூர்ப் பெண் கணவனின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள்.

"சும்மா மிரட்டுது" என்று மெதுவாகச் சொன்னார் அவர், கன்னடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி. "காது விரிஞ்சிருக்கு பாருங்க. காதை ஒட்டவச்சு, தும்பிக்கையச் சுருட்டிக்கிட்டா அப்பத்தான் பயப்படோணும். யாரும் அசையாதீங்க."

யானை நின்றது. பார்த்தது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மூங்கிலுக்குள் நடந்து போனது. அடுத்த நொடி ஜீப்புக்குள் ஒரே கொண்டாட்டம். என்ன ஒரு காட்சி, வீடியோ எடுத்தீர்களா, அனுப்புங்கள் என்று ஆளாளுக்குப் பேச்சு. லென்ஸ்காரர் அந்த அம்மாவுக்குக் கைகொடுத்தார். ஓட்டுநர் இறங்கி வந்து கும்பிட்டார். அவர்கள் இருவர் மட்டும் அந்தக் கொண்டாட்டத்தில் இல்லை. மனைவியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பது வருடத்தில், பிறர் முன்னால் மனைவியின் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கொங்கு வீடுகளில் அதெல்லாம் வழக்கமில்லை.

ராத்திரி அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீருக்கு அக்கரையில் எங்கோ ஒரு பிளிறல் கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, பிறகு இங்கே தங்கள் வயல் இல்லை என்று நினைவு வந்து உட்கார்ந்தார்கள்.

வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்: "அன்னிக்கு நீ உங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்தே அம்மிணி."

"ஆமாங்க."

"இருந்திருந்தா எண்ணியிருப்பே."

"இருட்டுங்க அன்னிக்கு. நிலாவே இல்ல. யார் எண்ணியிருந்தாலும் அப்படித்தான்."

அவ்வளவுதான் பேச்சு. ஒன்பது வருடத்தில் தம்பியைப் பற்றி இருவரும் பேசிய நீளமான பேச்சு அது. அதன் பிறகு அவர் போய்ப் படுத்தார். காலைச் சஃபாரிக்குக் கதவைத் தட்டியபோதும் எழவில்லை. எழுப்பவேண்டாம் என்று சொல்லி, மனைவி தனியாகப் போய்விட்டு வந்தார். செந்நாய்க் கூட்டமும் காட்டெருமையும் பார்த்தாராம். புலி வாலைப் பெங்களூர் ஜோடி பார்த்ததாம், இவர் பார்க்கவில்லை. அதற்காகக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. அவர் எழுந்தபோது மணி பத்தரை.

திரும்பும் வழியில் நஞ்சன்கூட்டில் காபி குடிக்கும்போது மகள் கூப்பிட்டாள். யானை பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"ரெண்டு நாள்ல அறுபத்தி நாலு" என்றார். "உங்கம்மா எண்ணுனா."

நிலம் கேட்டவர் மறுபடியும் போன் செய்ததாகவும், என்ன சொல்லட்டும் என்றும் மகள் கேட்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் போனை மனைவியிடம் கொடுத்தார். இதுவும் புதிது.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கரும்பு வெட்டி முடியட்டும்னு சொல்லு கண்ணு" என்றார். "அதுக்கப்புறம் அவர் நேர்ல வரட்டும். பகல்ல வேண்டாம், ராத்திரி வரச் சொல்லு."