கூரையில்லாத அடைப்பு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குளிக்கும் இடம் பற்றி ஒரு கேள்வி இருந்தது. பதிலுக்கு மூன்று கட்டங்கள்: குளியலறை உண்டு, கூரையில்லாத அடைப்பு, எதுவும் இல்லை. இந்திய வீடுகளில் சுமார் 42 சதவீதம் முதல் கட்டத்திலும், 16 சதவீதம் இரண்டாவதிலும் விழுந்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீடு அந்த 16இல் ஒன்று.

அடைப்பு என்றால் மூன்று பக்கம் ஹாலோ பிளாக், நாலாவது பக்கம் பழைய சேலை, தரையில் ஒரு கடப்பா கல். இரும்பு உருட்டாலையில் ஷிப்ட் முடித்துக் கரியோடு வரும் அப்பா அதற்கு வெளியிலேயே லுங்கியோடு நின்று குளித்துவிடுவார். அம்மாவுக்கும் அக்காவுக்கும்தான் அடைப்பு. பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, பத்தே நிமிஷம்.

கூரை இல்லாதது பல வருஷம் பிரச்சினையாகவே தெரியவில்லை. மேலே வேப்பமரம், அதற்கு மேல் வானம். பக்கத்து வீட்டில் மாடி எடுத்து, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்த பையன்களுக்கு ரூம் ரூமாக வாடகைக்கு விட்டபோதுதான் வானத்துக்குக் கண் முளைத்தது. பையன்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட வந்தால் கீழே இருப்பது கண்ணில் படத்தான் செய்யும். அவர்களுக்கும் எட்டு பேருக்கு ஒரு பாத்ரூம்தான். அம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குளிக்கும் நேரத்தை விடிகாலை நாலரைக்கு மாற்றிக்கொண்டாள். மார்கழியிலும் நாலரை, காய்ச்சலிலும் நாலரை.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பாத்ரூம் கட்டலாம் என்றேன். அப்பா உடனே கணக்குப் போட்டார். "அந்தக் காசுல பின்னாடி ரெண்டு ரூம் போட்டா மாசாமாசம் வாடகை வரும்டா. குளிக்கறதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ துட்டு?"

கணக்கில் தப்பில்லை. இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் போடும் கணக்குதான். குளியலறை வாடகை தராது. அம்மாவின் நாலரை மணியை எழுத அந்தக் கணக்கில் இடமும் கிடையாது. "மொதல்ல இது, அப்புறம் ரூமு" என்று அக்கா போனிலேயே முடித்துவைத்தாள்.

பிளம்பர் வந்ததும் முதலில் பார்த்தது எங்கள் வாளியை. உள்ளே வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. "இந்தத் தண்ணிக்கு ஷவர் போட்டா கொஞ்ச நாள்ல ஓட்டையெல்லாம் அடச்சிக்கும்ணா. கீசர் காயில்லயும் உப்பு புடிக்கும்." போர் தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சூடேறினால் இன்னும் வேகமாகப் படியும். சோப்பும் நுரைக்காது.

நாங்கள் இருப்பது சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் மாவட்டத்தில். 1944இல் முடிந்த பூண்டி ஏரி இங்கேதான். சோழவரமும் புழலும் இங்கேதான். மீஞ்சூர் பக்கம் நகரத்துக்காக நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல் நிலத்துக்கடியில் உள்ளே வந்தது. 2010இல் அதே பக்கம், காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் ஆலை திறந்தார்கள். 2020 நவம்பரில் எங்கள் தாலுகாவிலேயே கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் வந்தது. எங்கள் தெருவுக்கு இன்னும் போர் தண்ணிதான். ஷவரும் கீசரும் வேண்டாம் என்று முடிவானது. இரண்டு குழாய், ஒரு வாளி.

மேஸ்திரி ஆறுக்கு ஐந்தடி அளந்தபோது அம்மா தானாக வந்து பேசினாள். பளபளப்பான டைல்ஸ் வேண்டாம், வழுக்கும். உட்கார்ந்து குளிக்க ஒரு திண்டு. எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி. ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே. தண்ணீர் போகும் பைப் வாழைக்குப் போகவேண்டும். கடைசியாக, "தாப்பா நல்லா கனமா போடுங்க மேஸ்திரி." ஒவ்வொன்றும் அவள் முன்பே யோசித்து வைத்திருந்தது என்பது கேட்கும்போதே தெரிந்தது. இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டைல்ஸ் ஒட்டி முடித்த மறுநாள் மேஸ்திரி ஒரு வாளி தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு மூலையில் உள்ளங்கை அளவு தண்ணீர் நின்றது. "வாட்டம் பத்தல" என்று நாலு டைல்ஸைப் பெயர்த்து மறுபடி ஒட்டினார். தேங்கினால் பாசி பிடிக்கும், பாசி பிடித்தால் அம்மா விழுவாள். அந்த நாலு டைல்ஸுக்கு அவர் தனியாகக் கூலி கேட்கவில்லை.

கட்டி முடித்தும் ஒரு வாரம் அம்மா நாலரைக்கே எழுந்து குளித்தாள். உடம்புக்கு அந்த நேரம் பழகிவிட்டிருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறி வாங்கிவந்து, அரைத்து, அடுப்பில் வைத்துவிட்டுப் பதினோரு மணிக்கு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் கழித்து அப்பா கதவைத் தட்டினார். "இன்னா பண்ற உள்ள?"

"குளிக்கிறேன்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகும் வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.